தோட்ட மண்டப புக்கிங் தளத்தில் கலண்டர்: ஏன் ஒரு நாள் முந்தி நிற்கிறது?

2025 மார்ச் 2, காலை – வாசகர் கேள்வி

அண்ணா, ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்து சமூக மண்டபத்துக்கு புக்கிங் தளம் செய்கிறோம். லாராவெல் (பிஎச்பி கட்டமைப்பு), மைஎஸ்க்யூஎல் (தரவுத்தளம்), மலிவான ஷெயார்ட் ஹோஸ்டிங் (பலர் பகிரும் சேர்வர்). மண்டபம், கோவில் திருவிழா, பிள்ளைகளின் டியூஷன் மூன்றும் ஒரே கலண்டரில் வர வேண்டும். நாளைத் தொட்டால் புக் பண்ணவும், இழுத்தால் மாற்றவும் முடிய வேண்டும். ஃபுல்கலண்டர் என்ற ஆயத்தக் கலண்டர் லைப்ரரியைப் போட்டால் அரை நாள் வேலை என்று நினைத்தோம். ஆனால் புத்தாண்டை ஏப்ரல் 14 என்று பதிந்தால் 13இல் போய் நிற்கிறது. 12, 13, 14 என்று போட்ட மூன்று நாள் திருவிழா இரண்டு நாளாகத் தெரிகிறது. வேறு லைப்ரரிக்கு மாறலாமா?

2025 மார்ச் 2, மாலை

மாற வேண்டாம் தம்பி. இரண்டு கோளாறும் லைப்ரரியுடையது இல்லை. எதற்கு மாறினாலும் கூடவே வரும்.

முதலாவது: ஜாவாஸ்கிரிப்ட்டில் ஏப்ரல் 14 நள்ளிரவுக்கு ஒரு டேட் செய்து, அதை டுஐசோஸ்ட்ரிங் வழியாக எழுத்தாக்கி, முதல் 10 எழுத்தை வெட்டி அனுப்பியிருப்பீர்கள். அந்தச் செயல் எப்போதும் யூடிசி (உலகப் பொது நேரம்) கணக்கையே தரும். நாம் யூடிசிக்கு 5:30 மணி முன்னால் இருப்பதால் இங்கே 14 நள்ளிரவு என்பது அங்கே 13ஆம் திகதி 18:30. முதல் 10 எழுத்தை வெட்டினால் மிஞ்சுவது 2025-04-13. திகதி மட்டும் வேண்டுமென்றால் டேட் பொருளைத் தொடவே வேண்டாம். நாளைத் தொட்டதும் வரும் தகவலில் டேட்ஸ்டர் என்ற பெயரில் 2025-04-14 என எழுத்தாகவே இருக்கிறது. அதை அப்படியே அனுப்புங்கள்.

இரண்டாவது: முழு நாள் நிகழ்வில் முடிவுத் திகதி சேர்த்தி இல்லை. 12 முதல் 14 வரை என்றால் முடிவு 15 என்று கொடுக்க வேண்டும். படிவத்தில் ஆட்களுக்கு 14 என்றே காட்டுங்கள், கலண்டருக்குக் கொடுக்கும்போது ஒரு நாள் கூட்டுங்கள், திரும்ப வாங்கும்போது ஒரு நாள் கழியுங்கள். கூட்டல் கழித்தல் இரண்டையும் ஒரே ஃபங்ஷனில் வையுங்கள். இரண்டு இடத்தில் எழுதினால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் திருவிழா ஒரு நாள் நீண்டுகொண்டே போகும். பூசாரிக்கு ஆட்சேபனை இருக்காது, அடுத்த வாரம் கல்யாணம் வைத்திருப்பவருக்கு இருக்கும்.

2025 மார்ச் 3

போடும் முறை கேட்டிருந்தீர்கள். 6ஆம் பதிப்பில் குளோபல் பண்டில் என்று ஒரே கோப்பு வருகிறது. மாதம், வாரம், பட்டியல் காட்சிகளும் தொட இழுக்கத் தேவையான இன்டராக்ஷன் பகுதியும் அதற்குள்ளேயே உண்டு. சிஎஸ்எஸ் தனியாக இணைக்கத் தேவையில்லை, அதுவே போட்டுக்கொள்ளும். இந்த அளவுக்கு எம்ஐடி உரிமம், காசு இல்லை. பல மண்டபங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வரிசையாகக் காட்டும் ரிசோர்ஸ் காட்சிகள்தான் காசுக்கு. ஒரு மண்டபத்துக்கு அது வேண்டாம். துண்டு துண்டாக என்பிஎம் (பொதி இறக்கும் கருவி) வழியாக எடுப்பவர்கள் இன்டராக்ஷன் பிளகினை மறந்துவிட்டு, தொட்டால் ஒன்றும் நடக்கவில்லை என்று தேடுவார்கள். எரரும் வராது.

கோப்பை சிடிஎன்னில் (பொதுக் கோப்பு சேர்வர்) இருந்து இழுக்காமல் உங்கள் சேர்வரிலேயே வையுங்கள். சிக்னல் இழுத்துப் பிடிக்கும் இடத்தில் இன்னொரு டொமைனுக்கு இணைப்பு என்பது இன்னொரு காத்திருப்பு.

மறைந்திருக்கும் டேப்புக்குள் கலண்டரை வரைந்தால் அகலம் பூச்சியம் என்று எடுத்துக்கொண்டு ஒரு ஓரமாக நசுங்கிக் கிடக்கும். டேப் திறந்த பிறகு ரெண்டர் பண்ணுங்கள், அல்லது அளவைத் திரும்பக் கணிக்கும் அப்டேட்சைஸ் கூப்பிடுங்கள்.

2025 மார்ச் 4

எல்லா நிகழ்வையும் ஒரே தடவையில் அனுப்ப வேண்டாம். ஈவென்ட்ஸ் என்ற இடத்தில் ஒரு முகவரியைக் கொடுத்தால், கலண்டர் தனக்கு வேண்டிய எல்லையை ஸ்டார்ட், எண்ட் என்று சேர்த்துக் கேட்கும். ஞாயிறில் தொடங்கும் மாதக் காட்சியில் 2025 ஏப்ரலைத் திறந்தால் மார்ச் 30 முதல் மே 11 வரை கேட்கும். ஆறு வாரம், 42 கட்டம். மே 11 சேர்த்தி இல்லை.

சேர்வரில் பிழைக்கும் இடம் இது: நிகழ்வின் தொடக்கம் இந்த எல்லைக்குள் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் மார்ச் 28இல் தொடங்கி ஏப்ரல் 2 வரை போகும் திருவிழா ஏப்ரல் பக்கத்தில் வராது. கேள்வி இப்படி இருக்க வேண்டும்: நிகழ்வின் தொடக்கம் எல்லையின் முடிவுக்கு முன், நிகழ்வின் முடிவு எல்லையின் தொடக்கத்துக்குப் பின். இந்த இரண்டு வரிதான் பிறகு மண்டபம் மோதுகிறதா என்று பார்க்கவும் உதவும்.

முகவரியைக் கையால் ஒட்டி அனுப்புபவர்களுக்கு: +05:30 என்பதில் உள்ள கூட்டல் குறி முகவரிக்குள் போனால் பிஎச்பி அதை வெற்றிடமாகப் படிக்கும். என்கோட் பண்ணி அனுப்புங்கள்.

2025 மார்ச் 4, இரவு

அரை நாள் வேலை என்றீர்களே, அது பிரட்டுக்களத்தில் (தோட்டத்தில் காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கும் இடம்) அரைப்பேர் (அரை நாள் கணக்கு) போட்ட கதை. வேலை முழு நாளுக்கு இருக்கும், எழுதுவது மட்டும் அரை.

2025 மார்ச் 6

டைம்சோன். ஃபுல்கலண்டர் இயல்பாகப் பார்ப்பவருடைய ஊர் நேரத்தில் காட்டும். தோட்டத்தில் இருப்பவருக்கும் சென்னையில் இருப்பவருக்கும் ஒரே 5:30, வித்தியாசம் தெரியாது. துபாயில் வேலை செய்யும் மகன் அப்பாவுக்காக மண்டபம் புக் பண்ண வந்தால் காலை 9 மணி 7:30 என்று தெரியும். மண்டபம் எங்கே இருக்கிறதோ அந்த நேரம்தான் எல்லோருக்கும் காட்ட வேண்டும். அதற்கு டைம்சோனை ஏசியா/கொலம்போ என்று வையுங்கள்.

லக்சன் பிளகின் (டைம்சோன் கணக்குப் பார்க்கும் துணைப் பகுதி) இல்லாமல் இப்படி வைத்தால் லைப்ரரி ஒரு தந்திரம் செய்கிறது. வரும் நேரத்தில் +05:30 ஒட்டியிருந்தாலும் அதைக் கண்டுகொள்ளாமல் மணியை மட்டும் எடுத்துக்கொள்ளும். ஆகவே சேர்வர் யூடிசியில் அனுப்பினால் 9 மணி நிகழ்வு 3:30க்கு நிற்கும். கொழும்பு மணியிலேயே அனுப்ப வேண்டும். ‘இன்று’ என்ற கட்டம் பார்ப்பவருடைய கருவி நேரத்தில் ஓடும், துபாயில் இருப்பவருக்கு இங்கே நள்ளிரவில் இருந்து 1:30 வரை நேற்றையே மஞ்சள் பூசிக் காட்டும். அது பரவாயில்லை என்றால் பிளகின் தேவையில்லை. வேண்டுமென்றால் லக்சன் போடுங்கள், அப்போது திரும்பி வரும் ஸ்ட்ரிங்கில் +05:30 ஒட்டியிருக்கும்.

தரவுத்தளத்தில் எல்லாம் யூடிசியில் சேமிப்பது நல்லது.

2025 மார்ச் 7

நேற்றைய கடைசி வரியை வாபஸ் வாங்குகிறேன். நடந்து முடிந்ததைப் பதிய யூடிசி சரி: யார் எப்போது புக் பண்ணினார், எப்போது காசு கட்டினார். இனி நடக்கப் போவதற்குச் சரியில்லை.

காரணம் நம் நாட்டிலேயே இருக்கிறது. 1996இல் மின்வெட்டுக் காலத்தில், மே 25 அன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி 6:30 ஆக்கினார்கள். அதே வருடம் ஒக்டோபர் 26இல் அரை மணி பின்னே, 6:00. 2006 ஏப்ரல் 15இல் திரும்பவும் 5:30. பத்து வருடத்துக்குள் மூன்று தடவை. அடுத்த வருடக் கல்யாணம் காலை 9:00 என்பதை 03:30 யூடிசி என்று சேமித்துவிட்டு, இடையில் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளினால் திரையில் 9:30 என்று வரும். மண்டபத்தை 9:00க்குத்தான் வாடகைக்கு எடுத்தார்கள்.

ஆகவே வரப்போகும் நிகழ்வுக்கு: சுவர்க் கடிகார நேரம் ஒரு டேட்டைம் நிரலில், ஏசியா/கொலம்போ என்ற பெயர் இன்னொரு நிரலில். +05:30 என்ற எண்ணைச் சேமிக்க வேண்டாம். 1996 மே கடைசிக்கும் 2006 ஏப்ரல் நடுவுக்கும் இடைப்பட்ட பழைய கோவில் பதிவுகளை ஏற்றினால் அந்த எண் அரை மணி, சில மாதங்களுக்கு ஒரு மணி பிசகும். பெயரைக் கொடுத்தால் டைம்சோன் அட்டவணை பார்த்துக்கொள்ளும். மைஎஸ்க்யூஎல்லின் டைம்ஸ்டாம்ப் வகையும் வேண்டாம், அது இணைப்பின் டைம்சோனுக்கு ஏற்ப மாறி மாறி வரும். ஷெயார்ட் ஹோஸ்டிங்கில் கன்வெர்ட்டிஇசட் (டைம்சோன் மாற்றும் செயல்) கூப்பிட்டு நல் (வெறுமை) வந்தால் டைம்சோன் அட்டவணையை அவர்கள் ஏற்றவில்லை என்று அர்த்தம். மாற்றத்தை பிஎச்பியிலேயே செய்யுங்கள்.

சுபமுகூர்த்தம் கிரகத்தைப் பார்த்துக் குறித்தது, கடிகாரத்தைத் தள்ளினாலும் கிரகம் தள்ளாது, அப்படியென்றால் முகூர்த்தத்துக்கு யூடிசிதானே சரி என்று ஒருவர் தனிச் செய்தியில் கேட்டிருக்கிறார். வாதம் சுத்தமானது. ஆனால் மண்டபச் சாவி வைத்திருப்பவர் பார்ப்பது சுவர்க் கடிகாரத்தை.

2025 மார்ச் 9

போனில் மாதக் காட்சி வேண்டாம். 360 பிக்சல் அகலத் திரையை 7ஆல் பிரித்தால் கட்டத்துக்கு 51 வருகிறது. அதற்குள் ‘புதுமனை புகுவிழா’ என்பது ‘புது’ என்று நின்றுவிடும். ‘புதுமணத் தம்பதியர் வரவேற்பு’ம் ‘புது’ என்றுதான் நிற்கும். சிறிய திரையில் லிஸ்ட்மந்த் (மாதப் பட்டியல்), அகலத் திரையில் மாதம். மாதமே வேண்டும் என்று அடம்பிடித்தால் டேமேக்ஸ்ஈவென்ட்ஸ் போடுங்கள், மிஞ்சியவை ‘+ மேலும்’ என்று சுருங்கும். கிழமைத் தலைப்பை நேரோ என்று வைத்தால் ஞா, தி, செ, பு, வி, வெ, ச.

தமிழ் மொழிக் கோப்பின் குறியீடு டிஏ-ஐஎன். அதில் வாரம் திங்களில் தொடங்கும். நம் சுவர்க் கலண்டர் மாதிரி ஞாயிறில் தொடங்க ஃபர்ஸ்ட்டே பூச்சியம் என்று மேலெழுதுங்கள். மாதப் பெயர்கள் பிரவுசரில் இருந்து வருகின்றன, பிப்ரவரி, அக்டோபர் என்று இந்திய எழுத்துக்கூட்டில். பெப்ரவரி, ஒக்டோபர் என்று பார்த்துப் பழகிய கண்ணுக்குக் குத்தும். டைட்டில்ஃபார்மட்டுக்கு ஒரு ஃபங்ஷன் கொடுத்து 12 பெயரையும் நீங்களே எழுதிவிடலாம். அதற்குள் மாதம் பூச்சியத்தில் இருந்து எண்ணப்படும், ஏப்ரல் என்பது 3. பட்டியல் காட்சியில் நாள் தலைப்புக்குத் தனி அமைப்பு உண்டு, அதையும் மாற்றாவிட்டால் மேலே ஒக்டோபர், கீழே அக்டோபர்.

2025 மார்ச் 10

காமன் கூத்து இரவு 9 மணிக்குத் தொடங்கி விடிய 5 மணிக்கு முடிந்தால் மாதக் காட்சியில் இரண்டு நாளுக்கு நீண்ட பட்டை விழும். அடுத்த நாளும் மண்டப வாசல் மூடி என்று ஆட்கள் நினைப்பார்கள். நெக்ஸ்ட்டேத்ரெஷோல்டை 06:00 என்று வையுங்கள். 6 மணிக்கு முன் முடிவது முந்திய நாளிலேயே அடங்கும். வாரக் காட்சியில் இது உதவாது. அங்கே ஸ்லொட்மேக்ஸ்டைமை 29:00 என்று வைத்தால் நாள் விடிய 5 மணி வரை நீளும். 24க்கு மேல் எழுதலாமா என்று பயப்பட வேண்டாம், ஏற்றுக்கொள்ளும்.

2025 மார்ச் 13

இன்று மெதின் போயா (பௌர்ணமி விடுமுறை), ஆகவே பேச்சும் போயாவைப் பற்றி. மீண்டும் மீண்டும் வரும் நிகழ்வுக்கு ஆர்ரூல் என்ற விதி வடிவம் இருக்கிறதே, அதில் போயாவை எழுதலாமா என்ற கேள்விக்குப் பதில்: முடியாது. ஆர்ரூலுக்குத் தெரிந்தது ஆங்கிலக் கலண்டர் மட்டும். சம்பள நாள் மாதம் 10 என்றால் அழகாக எழுதலாம். மாதக் கடைசி என்றால் 31 என்று எழுதக் கூடாது, 31 இல்லாத மாதங்களை அது தாண்டிப் போய்விடும், -1 என்று எழுத வேண்டும். பௌர்ணமிக்கு அப்படி ஒரு எண் இல்லை.

29.53 நாளைக் கூட்டிக்கொண்டே போகலாம் என்று தோன்றும். அது சராசரி. உண்மையான பௌர்ணமி அதிலிருந்து அரை நாளுக்கும் மேல் விலகும், நள்ளிரவைத் தாண்டினால் திகதி மாறிவிடும். மாதத்துக்கு ஒன்று என்றும் எடுக்க முடியாது: 2023 ஆகஸ்டில் 1ஆம் திகதியும் போயா, 30ஆம் திகதியும் போயா. புத்தாண்டும் இப்படித்தான், 2024இல் ஏப்ரல் 13, 2025இல் 14. தீபாவளி 2024இல் ஒக்டோபர் 31, 2025இல் 20.

ஆகவே விடுமுறைக்குத் தனி அட்டவணை. திகதி, பெயர், வகை, மூன்றே நிரல். வர்த்தமானியில் வரும் பட்டியலைப் பார்த்து வருடத்துக்கு ஒரு தடவை கையால் ஏற்றுங்கள், கால் மணி நேர வேலை. கலண்டரில் இதை இரண்டாவது ஈவென்ட்சோர்ஸாகக் கொடுத்து, டிஸ்ப்ளே பேக்ரவுண்ட் என்று வைத்தால் கட்டத்துக்குப் பின்னால் நிறமாக விழும், புக்கிங் பட்டையை மறைக்காது. சிவனொளிபாதமலை சீசனும் இந்த அட்டவணையில் இருந்தே கிடைக்கும்: டிசம்பர் உந்துவப் போயாவில் தொடங்கி மே வெசாக் போயாவில் முடியும், இந்த முறை மே 12. மஸ்கெலியா பக்கம் அறை, வேன் புக்கிங் செய்பவர்களுக்கு சீசன் விலையை இதில் தொடுக்கலாம்.

கோவில் திதிகளைப் போயாவோடு சேர்த்துக் குழப்ப வேண்டாம். வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதப் பஞ்சாங்கமுமே சில மணி நேரம் விலகும். கோவில் எதைப் பின்பற்றுகிறதோ அவர்கள் தரும் திகதியை மட்டும் பதியுங்கள். புரோகிராமர் பஞ்சாங்கம் பார்க்க வேண்டியதில்லை.

2025 மார்ச் 15

இழுத்து மாற்றுவது. இழுத்து விட்டதும் கலண்டர் திரையில் மாற்றிவிடும், சேர்வர் ஒத்துக்கொண்டதா என்று பார்க்காது. ஈவென்ட்டிராப்பில் (இழுத்து விட்டதும் ஓடும் இடம்) சேமிக்க அனுப்பி, தோற்றால் ரிவெர்ட் (பழைய இடத்துக்குத் திருப்பும் செயல்) கூப்பிட வேண்டும். நெட் அறுந்த சந்தர்ப்பத்திலும் கூப்பிட வேண்டும், சேர்வர் மறுத்தால் மட்டுமல்ல. நீளத்தை மாற்றும் ஈவென்ட்ரிசைஸுக்கும் அதே.

முழு நாள் நிகழ்வை மணிக் கட்டத்துக்கு இழுத்தால் முடிவு நேரம் நல் ஆகிவிடும். திரையில் ஒரு மணி நேரப் பெட்டி தெரியும், அது இயல்பு நீளம், தரவு இல்லை. அந்த நல்லை அப்படியே சேமித்தால் மோதல் சோதனையில் அது யாரோடும் மோதாது. ஃபோர்ஸ்ஈவென்ட்டியூரேஷனை இயக்கி வையுங்கள்.

போனில் இழுக்கவே முடியவில்லை என்கிறீர்களே, முடியும், ஒரு வினாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். லாங்பிரெஸ்டிலே 1000 மில்லிசெக்கன். குறைக்கலாம். குறைத்தால் பட்டியலைத் தள்ளும் விரல் கல்யாணத்தைத் தள்ளிவிடும். என் அபிப்பிராயம்: போனில் இழுப்பதை மூடிவிடுங்கள், தொட்டால் படிவம் திறக்கட்டும்.

தலைப்பை அழகுபடுத்த ஈவென்ட்கன்டென்ட்டில் எச்டிஎம்எல் கொடுப்பவர்கள் கவனம். சாதாரணத் தலைப்பை லைப்ரரி சுத்தப்படுத்தும், நீங்கள் கொடுக்கும் எச்டிஎம்எல்லைச் சுத்தப்படுத்தாது. பெயர் எழுதும் பெட்டியில் யாராவது ஸ்கிரிப்ட் எழுதினால் எல்லோருடைய திரையிலும் ஓடும்.

2025 மார்ச் 18

ஈவென்ட்ஓவர்லெப் ஃபோல்ஸ் (நிகழ்வுகள் மேற்பொருந்தக் கூடாது) என்று வைத்துவிட்டேன், இனி ஒரே மண்டபம் இரண்டு பேருக்குப் போகாது என்று எழுதியிருக்கிறீர்கள். போகும். அந்தப் பிரவுசரில் ஏற்றியிருக்கும் நிகழ்வுகளோடு மட்டும்தான் அது ஒப்பிடும். டிக்கோயாவில் ஒருவரும் தலவாக்கலையில் ஒருவரும் ஒரே நிமிடத்தில் படிவத்தைத் திறந்திருந்தால் இருவருக்கும் மண்டபம் காலி.

சேர்வரில் ‘மோதல் இல்லை, ஆகவே பதி’ என்று இரண்டு வரியில் எழுதினாலும் அந்த இரண்டு வரிக்கு நடுவே மற்றவர் நுழைவார். மைஎஸ்க்யூஎல்லில் டிரான்சாக்ஷன் திறந்து, மண்டப அட்டவணையில் அந்த மண்டபத்தின் வரியை ஃபோர் அப்டேட் என்று பூட்டி, பிறகு மோதல் தேடி, பிறகு பதிந்து, முடியுங்கள். புக்கிங் அட்டவணையைப் பூட்டினால் போதாதா என்றால் போதாது: அங்கே இன்னும் வரியே இல்லை. இல்லாத வரிக்கு இன்னோடிபி (மைஎஸ்க்யூஎல்லின் சேமிப்பு இயந்திரம்) இடைவெளிப் பூட்டு போடும், அது இருவருக்கும் ஒரே நேரத்தில் கிடைக்கும், இருவரும் பதியப் போகும்போது ஒருவரை ஒருவர் மறித்து டெட்லொக் (இருவரும் நகர முடியாத நிலை). மண்டப வரி எப்போதும் இருக்கிறது, ஒருவருக்குத்தான் கிடைக்கும்.

தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ் என்றால் எக்ஸ்க்ளூட் கட்டுப்பாடு ஒன்றே போதும், மண்டப எண் சமம், நேர எல்லை மேற்பொருந்தல் என்று. பீட்ரீ-ஜிஸ்ட் எக்ஸ்டென்ஷன் வேண்டும்.

2 மணிக்கு முடிவதும் 2 மணிக்குத் தொடங்குவதும் மோதாது, கணக்குச் சரி. ஆனால் மண்டபம் கூட்டிக் கழுவ நேரம் வேண்டுமே. மோதல் தேடும்போது இரண்டு பக்கமும் ஒரு மணி நேரம் கூட்டித் தேடுங்கள், சேமிக்கும் நேரத்தில் கூட்ட வேண்டாம்.

2025 மார்ச் 19

நேற்றையதில் விட்டது. மழை நாளில் சிக்னல் போய் வரும். புக்கிங் சேர்வருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, பதில் வரும் வழியில் அறுந்தது. ஆள் மறுபடி அழுத்துவார். பூட்டு சரியாக வேலை செய்தால் இரண்டாவது முயற்சிக்கு ‘மண்டபம் ஏற்கனவே எடுக்கப்பட்டுவிட்டது’ என்று வரும். எடுத்தது அவரே. படிவம் திறக்கும்போதே ஒரு அடையாள எண்ணை உருவாக்கி, அதற்கு யுனீக் இன்டெக்ஸ் (ஒரே எண் இரண்டு தடவை பதியாமல் தடுப்பது) போட்டு, அதே எண் திரும்ப வந்தால் பழைய புக்கிங்கையே வெற்றி என்று காட்டுங்கள். அந்த எண்ணை உருவாக்கும் பிரவுசரின் ரேண்டம்யூயூஐடி எச்டிடிபிஎஸ் இல்லாத தளத்தில் கிடைக்காது.

2025 மார்ச் 24

புக்கிங்கைப் போன் கலண்டரில் சேர்க்க ஐசிஎஸ் என்ற வகைக் கோப்பு கொடுக்க வேண்டும். இதில் தமிழுக்கென்றே ஒரு பள்ளம். ஒரு வரி 75 பைட்டுக்கு மேல் போகாமல் மடிக்க வேண்டும், எழுத்து அல்ல, பைட். தமிழில் ஒவ்வொரு குறியும் 3 பைட். ‘பொங்கல்’ நம் கண்ணுக்கு நாலு எழுத்து, உள்ளே 7 குறி, 21 பைட். சம்மரி என்ற சொல்லும் முக்காற்புள்ளியும் 8 எடுத்துக்கொண்டால் முதல் வரியில் 22 குறிக்குத்தான் இடம். எழுத்து எண்ணி மடித்தால் வரி நீளும், கண்மூடித்தனமாக 75ஆவது பைட்டில் வெட்டினால் ஒரு எழுத்தின் நடுவில் கத்தி விழுந்து கறுப்புக் கேள்விக்குறி வரும். பிஎச்பியில் எம்பி-ஸ்டர்கட் குறியின் நடுவில் வெட்டாது, அதைப் பாவியுங்கள். அடுத்த வரி ஒரு வெற்றிடத்தோடு தொடங்க வேண்டும்.

இங்கேயும் முழு நாள் முடிவு சேர்த்தி இல்லை, அந்த ஒரே ஃபங்ஷனைக் கூப்பிடுங்கள். யூஐடி (நிகழ்வின் அடையாள எண்) ஒவ்வொரு முறையும் மாறக் கூடாது, மாறினால் சில போன்களில் ஒரு கல்யாணம் பத்துக் கல்யாணமாகும். கூகுள் கலண்டர் இந்தக் கோப்பைத் திரும்ப வாசிக்கப் பல மணி நேரம் எடுக்கும். நேரம் மாறினால் எஸ்எம்எஸ் அனுப்புங்கள்.

2025 ஏப்ரல் 2

சனிக்கிழமை டியூஷனை ஏப்ரல் 12 போயாவுக்கு நீக்கியும் அது அங்கேயே நிற்கிறது என்கிறீர்கள். எக்ஸ்டேட்டில் (தொடரில் இருந்து நீக்கும் நாளை எழுதும் இடம்) 2025-04-12 என்று திகதி மட்டும் போட்டிருக்கிறீர்கள். வகுப்பு மார்ச் 1, 15:00க்குத் தொடங்கும் தொடர் என்றால் நீக்கமும் 15:00ஓடு இருக்க வேண்டும். நிமிடம் ஒத்துப்போகாவிட்டால் அது கண்டுகொள்ளாது. டேஸ்ஒஃப்வீக் (கிழமையை மட்டும் கொடுக்கும்) வழியில் எழுதியிருந்தால் அதில் நீக்கமே கிடையாது, ஆர்ரூல் பிளகினுக்கு மாற்றுங்கள். வகுப்பை 16:00க்கு மாற்றும் நாளில் எக்ஸ்டேட்களையும் சேர்த்து மாற்றுங்கள், இல்லாவிட்டால் நீக்கிய போயா வகுப்பெல்லாம் ஒரே நாளில் எழுந்து வரும்.